ஒரு கோப்பைக் காபிக்குப் போன ஓட்டு

செய்தி வந்தபோது அபூ ஹாஸிம் எள் தூவிய கஃக் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார். பங்குச்சந்தைத் தரகுக் கூடத்துப் பெரிய திரையின் அடியில் ஓடுகிற வரியை அவரால் அந்த வேகத்துக்குப் படிக்க முடியாது. பள்ளிக்கூடத்துக்குப் போனதைவிட அங்கிருந்து ஓடியதுதான் அதிகம். ஆனால் மனுஷன் முகத்தைப் படிக்கத் தெரியும். கூடத்தில் எல்லார் வாயும் ஒரே சமயத்தில் அடைத்துப்போனது. யாரோ நம் பையில் கையை விட்டுவிட்டான் என்று அப்போதே புரிந்துவிட்டது.

"என்னய்யா ஆச்சு?"

"நம்ம கிந்தீல், ஸர்வாவை வாங்கப்போவுதாம்" என்றார் அபூ இலியாஸ். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் கெட்ட செய்தி சொல்வார்.

"எந்த ஸர்வா? முழுகிட்டு இருக்குன்னாங்களே, அதுவா?"

"அதேதான். நீந்தத் தெரிஞ்சவன் போய் முழுகுறவனைக் கட்டிப் பிடிக்கப் போறான்."

அம்மான் நகரத்துக் கடைகள், மருந்தகங்கள், ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றுக்கும் பில் போடவும் சரக்குக் கணக்கு பார்க்கவும் கணினியில் ஓடுகிற மென்பொருள் செய்யும் கம்பெனி கிந்தீல். அதே வேலையைச் செய்து, கிந்தீலோடு பத்து வருஷம் மல்லுக்கட்டி, கடைசியில் மூச்சு வாங்கி உட்கார்ந்த கம்பெனி ஸர்வா. அபூ ஹாஸிம் லாரியை விற்ற பணத்தைக் கிந்தீல் பங்கில்தான் போட்டிருந்தார். மென்பொருள் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை விற்றுக் காசு பார்க்கிறவன் ஒன்று கெட்டிக்காரன், இல்லாவிட்டால் திருடன்; இரண்டில் எதுவானாலும் லாபம் வரும் என்றுதான் போட்டார். ஷ்மைஸானி வட்டாரத்தில் இருந்த அந்தக் கூடத்தில் உட்கார்ந்து மரமிய்யா இலை போட்ட தேநீரைக் குடிக்கிற கிழவர்கள் பாதிப்பேர் அவரைப் பார்த்து அதே பங்கை வாங்கியவர்கள்.

திரையில் கிந்தீலின் எண் சிவப்பாக மாறியது. இன்னும் சிவப்பானது.

"விக்கலாமா?" என்று ஒருத்தர் நடுங்கினார்.

"இப்ப வித்தா வாங்குறவன் சிரிப்பான்" என்றார் அபூ ஹாஸிம். "இதுக்குக் கூட்டம் போட்டுத்தானே ஆகணும்? கூட்டத்துல நாம கை தூக்கலைன்னா இது நடக்குமா?"

அபூ இலியாஸ் கணக்குப் போட்டார். சட்டப்படி நாலில் மூன்று பங்கு சம்மதம் வேண்டும். பெரிய கைகள் எல்லாம் சேர்ந்தாலும் அதற்குக் கொஞ்சம் குறையும். இந்தக் கூடத்துக் கிழவர்கள் ஒட்டுமொத்தமாக மறுத்தால் காரியம் நின்றுபோகும்.

ஒட்டுமொத்தமாக மறுப்பதற்கு ஒரே ஆள் போதும். "என் சார்பில் இவர் ஓட்டுப் போடுவார்" என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம். எல்லாரும் அபூ ஹாஸிமிடம்தான் கொடுத்தார்கள். இந்த ஊரில் 'முடியாது' என்ற சொல்லை அவ்வளவு சுத்தமாகச் சொல்லும் வாய் வேறு கிடையாது. அந்தக் காலத்தில் அவர் அம்மானிலிருந்து பாக்தாத்துக்குப் பாலைவனச் சாலையில் லாரி ஓட்டியவர். ருவைஷித் எல்லையில் தேநீர்க் கடையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு "ரோடு நல்லா இருக்கு, போங்க" என்று சொன்னவனை நம்பிப் போன இரண்டு கூட்டாளிகள் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அவருக்கு ஒரே சட்டம்தான்: ரோடு நல்லா இருக்குன்னு சொல்றவன் முன்னால் போற வண்டியை ஓட்டட்டும். இதை அவர் கூடத்தில் சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் மனப்பாடம்.

"நீங்க உங்களையே நம்ப மாட்டீங்க. அதனாலதான் நாங்க உங்களை நம்புறோம்" என்று அபூ இலியாஸ் தம்முடைய தாளை நீட்டினார்.

கூட்டத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் நுஸ்ஹா மலையில் அவர் வீட்டுப் பக்கம் யாரோ விசாரித்துக்கொண்டிருப்பதாகப் பேச்சு வந்தது. முதலில் சொன்னது மளிகைக் கடைக்காரன்.

"ஹஜ்ஜி, ஒரு நல்ல குடும்பத்து ஆள் வந்து உங்களைப் பத்திக் கேட்டுட்டுப் போனாரு. எப்படிப்பட்ட மனுஷங்க, யாரு பேச்சைக் கேப்பாரு, வீட்டுல எப்ப இருப்பாருன்னு. கோட்டுப் போட்ட ஆளு. கண்ணியமான முகம்."

அபூ ஹாஸிமுக்கு நெஞ்சில் ஏதோ இளகியது. ஒரு வீட்டைப் பற்றி ஒருவன் இப்படிக் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மகள் லுப்னா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். முப்பது தாண்டி நாளாகிவிட்டது. மனைவி உயிரோடு இருந்திருந்தால் பெண்கள் முதலில் வந்து பேசியிருப்பார்கள், விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்கும். அவள் போன பிறகு இந்த வீட்டுக்கு எந்தச் சேதியும் நேர் வழியில் வருவதில்லை.

அடுத்த நாள் தொலைபேசி வந்தது. ஹாஜி மர்ஸூக் என்ற பெரியவர். "வியாழக்கிழமை மக்ரிப் தொழுகைக்கு அப்புறம் நாங்க சில பேர் உங்க வீட்டுக்குக் காபி குடிக்க வரலாமா?"

ஜாஹா. பெரிய மனிதர்கள் கூட்டமாக வந்து ஒன்றைக் கேட்பது. பெண் கேட்கவும் வருவார்கள், ரத்தப்பகையைத் தீர்க்கவும் வருவார்கள். அபூ ஹாஸிமுக்கு யாரோடும் ரத்தப்பகை இல்லை. வசவுப் பகைதான் உண்டு.

வியாழக்கிழமை லுப்னாவை வேலைக்குப் போகவிடவில்லை. விருந்தாளி வருகிறார்கள் என்று மட்டும் சொன்னார். அவள் ஏலக்காய் இடித்துக் கசப்புக் காபி காய்ச்சினாள். அவர் நாற்காலிகளைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

ஏழெட்டுப் பேர் வந்தார்கள். தோளில் பழுப்பு மேலங்கி, தலையில் சிவப்புக் கட்டம் போட்ட துணி. நடுவில் கோட்டுப் போட்ட ஒருவன், நாற்பது வயது இருக்கும், கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், தூங்கி வெகுநாளான முகம். கொஞ்சம் வயசானவன்தான், பரவாயில்லை, மரியாதையாக உட்கார்ந்திருக்கிறான் என்று அபூ ஹாஸிம் நினைத்துக்கொண்டார். பெயர் நிஸார் என்றார்கள்.

காபி ஊற்றினார். ஹாஜி மர்ஸூக் கோப்பையை வாங்கி, வாயில் வைக்காமல், முன்னால் கீழே வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள்.

"அபூ ஹாஸிம், உங்ககிட்ட ஒரு வேண்டுகோளோட வந்திருக்கோம். அது கிடைக்கிற வரைக்கும் இந்தக் காபியை நாங்க..."

அபூ ஹாஸிமுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. இத்தனை வருஷமாக இந்தக் காட்சியை அடுத்தவன் வீட்டில்தான் பார்த்திருக்கிறார்.

"குடிங்க ஹாஜி, குடிங்க! நீங்க எதுக்கு வந்தீங்களோ அது கொடுத்தாச்சு. எல்லாரும் குடிங்க!"

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கோப்பைகளை எடுத்துக் குடித்தார்கள். நிஸார் குடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நல்ல பையன், மனசு இருக்கிறது என்று அபூ ஹாஸிம் மகிழ்ந்தார்.

"அல்லாஹ் உங்க முகத்தை ஒளிர வைக்கட்டும்" என்றார் ஹாஜி மர்ஸூக். "உங்களைப் பாறைன்னு ஊரே சொல்லிச்சு. நாங்க வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே ஓட்டைத் தூக்கிக் கொடுத்திட்டீங்களே!"

"என்ன ஓட்டு?"

"கிந்தீல் கூட்டத்துல போடுற ஓட்டுதான். இவன்தான் ஸர்வாவை உண்டாக்கினவன், என் தங்கச்சி மகன். கிந்தீல் வாங்கலைன்னா கடையை மூடணும். இவன்கிட்ட வேலை பார்க்கிற பிள்ளைங்க தெருவுல நிப்பாங்க. உங்க வாய்தான் குறுக்கே நிக்குதுன்னாங்க, அதான் வந்தோம்."

அபூ ஹாஸிம் காபிக் கெண்டியைக் கீழே வைத்தார். எதற்கு வந்தீர்கள் என்று கேட்காமல் கொடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? பெண் கேட்டு வந்தீர்கள் என்று நினைத்தேன் என்று சொன்னால் அந்த வெட்கம் அவர் தலையில் மட்டுமா விழும்? உள்ளே லுப்னா நிற்கிறாள். காபி வயிற்றுக்குள் போன பிறகு கொடுத்த சொல்லைத் திருப்பி வாங்கினவன் பெயரை அவர் தம் வாழ்நாளில் கேட்டதில்லை.

"ஆமாம்" என்றார். "சொன்னது சொன்னதுதான்."

அவர்கள் போன பிறகு லுப்னா சமையலறை வாசலில் நின்றாள். கையில் கரண்டி.

"யாபா, அவங்க எதுக்கு வந்தாங்கன்னு நீங்க நினைச்சீங்க?"

அவர் கோப்பைகளை அடுக்கினார்.

"சொல்லுங்க யாபா."

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லையா? தக்காளி வாங்கினா ஒவ்வொண்ணா அமுக்கிப் பார்ப்பீங்க. கிந்தீல் கம்பெனிக்காரன் சொன்ன ஒரு வார்த்தையை நம்பாம ஊரையே கூட்டி வச்சிருக்கீங்க. என்னை மட்டும் என்ன ஏதுன்னு கூடக் கேக்காம 'குடிங்க குடிங்க'ன்னு தூக்கிக் கொடுத்திட்டீங்க. இன்னிக்கு வந்தவங்க ஓட்டுக் கேட்டு வந்தாங்க, நான் பொழைச்சேன். நிஜமாவே என்னைக் கேட்டு வந்திருந்தா?"

அன்றிலிருந்து அவள் அவரோடு பேசவில்லை. சோற்றை மூடி மேஜையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவாள். உப்பு சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவரை இன்னும் குத்தியது.

கூடத்தில் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். அவருடைய பங்கு அவருடையது, அதைக் காபிக்குக் கொடுக்கலாம். பையில் இருக்கிற தாள்கள் மற்றவர்களுடையவை. பல பேருக்கு வேறு ஆதாரம் கிடையாது.

"உங்க தாளையெல்லாம் திருப்பி வாங்கிக்கங்க" என்று தேநீர் வந்தவுடன் சொன்னார். நடந்ததையும் சொன்னார். மகள் விஷயத்தை மட்டும் ஒரே வரியில், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

முதலில் ஒருவர் மூக்கால் சிரித்தார். அப்புறம் கூடமே சிரித்தது.

"அபூ ஹாஸிமையே ஏமாத்திட்டாங்களா! அதுவும் அவரு வீட்டுக் காபியை வச்சே!"

"யாரும் ஏமாத்தலை" என்றார் அவர். "நானா விழுந்தேன்."

"கிழவா, எங்க பிழைப்பை ஒரு கோப்பைக்கு வித்துட்டியே!" என்று ஒருவர் கத்தினார். அவர் சிரிக்கவில்லை.

"உன் தாள் உன் கையில இருக்கு. என்னுதை மட்டும்தான் நான் வித்தேன்."

தரகன் தன் மேஜையிலிருந்து எட்டிப்பார்த்தான். "ஹஜ்ஜி, ஒரு வழி இருக்கு. கூட்டத்துக்கு முன்னாடி உங்க ஷேரை வித்துடுங்க. ஷேர் இல்லைன்னா ஓட்டு இல்லை. சொல்லும் தப்பாது, துட்டும் தப்பிக்கும்."

கூடம் அவரைப் பார்த்தது. புத்திசாலித்தனமான யோசனைதான். அபூ ஹாஸிம் திரையில் இருந்த சிவப்பைப் பார்த்தார்.

"குதிரையைத் தர்றேன்னு சொல்லிட்டு காலை ஒடிச்சுக் கொடுக்கிற கதை இது. வேண்டாம்பா."

அபூ இலியாஸ் எல்லாத் தாளையும் தம் பெயருக்கு மாற்றி எழுதி வாங்கிக்கொண்டார். "உங்க ஒரு ஓட்டு போனாலும் மீதி போதும். இனி 'முடியாது' என் வாயில இருக்கு. நீங்க போய்க் காபி குடிங்க" என்றார். அந்தக் குத்தலை அபூ ஹாஸிம் வாங்கிக்கொண்டார். வாங்க வேண்டியதுதான்.

ஆனாலும் அவர் புத்தி சும்மா இருக்குமா? கொடுத்ததை எதற்குக் கொடுத்தோம் என்று பார்த்துவிடலாம் என்று ஸர்வா அலுவலகத்துக்கே போய் நின்றார். இருந்த மேஜைகளில் பாதி காலி. மீதியில் தலையில் ஒலிக்கருவி மாட்டிய பிள்ளைகள் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒரு பெண், "இல்ல ஹஜ்ஜி, அந்தப் பச்சைப் பட்டனை அமுக்குங்க... திட்டுங்க, பரவாயில்லை, திட்டிட்டு அமுக்குங்க" என்று யாரோ ஒரு கடைக்காரரிடம் கெஞ்சினாள்.

நிஸார் ஓடி வந்து நாற்காலி போட்டான்.

"எப்பவும் இப்படித் திட்டிட்டேதான் இருப்பாங்களா?" என்று கேட்டார்.

"காலையிலிருந்து ராத்திரி வரைக்கும், மாமா. கிந்தீல்காரங்க சின்னக் கடைங்க போன் பண்ணா எடுக்க மாட்டாங்க. நாங்க எல்லாருக்கும் எடுப்போம். அப்படி எடுத்து எடுத்துத்தான் முழுகினோம்."

செத்த கடையை எவனும் திட்ட மாட்டான். வந்து சேர்கிற லாரியைத்தான் ஏன் தாமதம் என்று திட்டுவார்கள். அபூ ஹாஸிம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் பாராட்டு மாதிரி ஆகிவிடும்.

நிஸார் தலையைக் குனிந்துகொண்டான். "மாமா, அன்னிக்கு உங்க முகத்தைப் பார்த்தேன். நாங்க வேற விஷயமா வந்தோம்னு நினைச்சீங்க, இல்லையா? எனக்குப் பெண்டாட்டி பிள்ளைங்க இருக்காங்க. திரும்பிப் போற வழியிலதான் புரிஞ்சுது. வெட்கமாப் போச்சு. உங்க சொல்லை நான் விட்டுக் கொடுத்துடறேன். உங்களுக்குச் சரின்னு பட்டபடி போடுங்க."

"குடிச்ச காபியைத் திருப்பிக் கோப்பையில ஊத்துவியா?"

"இல்ல, மாமா..."

"அப்ப பேசாம இரு. உன் மாமனை நம்பினேன்னோ உன்னை நம்பினேன்னோ நினைக்காதே. நான் எவனையும் நம்பலை. சொன்னேன், செய்யிறேன். அவ்வளவுதான்."

கூட்டம் ஒரு ஹோட்டலில். கிந்தீலின் தலைவர் முஹன்னத், எல்லாரும் மரியாதையாக 'பே' சேர்த்து அழைக்கிற முஹன்னத் பே, மேடையில் நின்று, இரண்டு கம்பெனியும் சேர்ந்தால் ஒன்றும் ஒன்றும் மூன்றாகும் என்றார். அபூ இலியாஸ் கணக்கு வாத்தியார் ஆயிற்றே, பல்லைக் கடித்தார். வெள்ளிக் கெண்டி வைத்த பணியாள் வரிசை வரிசையாகக் காபி ஊற்றிக்கொண்டு வந்தான். அபூ ஹாஸிம் தம்முடையதை ஒரே மடக்கில் குடித்து, போதும் என்பதற்கு அடையாளமாகக் கோப்பையைக் குலுக்கிக் கொடுத்தார். அவர் வேலை முடிந்தது. கை தூக்கிவிட்டுப் போக வேண்டியதுதான்.

அப்போது பக்கத்தில் அபூ இலியாஸ் தம்முடைய கோப்பையைக் குனிந்து தரையில் வைத்தார். வாயில் படவேயில்லை.

அவருக்குப் பின்னால் இருந்தவர் வைத்தார். அதற்குப் பின்னால் இருந்தவர்களும். கூடத்துக் கிழவர்களின் வரிசை முழுக்கக் காலடியில் ஆவி பறக்கும் கோப்பைகள்.

முஹன்னத் பே முதலில் கவனிக்கவில்லை. பேசிக்கொண்டே போனவர் தரையைப் பார்த்தார். வெளிநாட்டில் படித்தவர்தான், ஆனால் அம்மானில் பிறந்த பிள்ளை. நாக்கு நின்றது.

"பெரியவங்களே, என்ன இது?"

அபூ இலியாஸ் எழுந்தார். "பே, உங்க கணக்கு எனக்குப் புரியலை. ஆனா எங்க கூட்டாளி ஒருத்தர் இருக்கார், லாரி ஓட்டினவர். சமீபத்துல காபி விஷயத்துல கொஞ்சம் சறுக்கிட்டார்..." வரிசையில் சிரிப்பு ஓடியது. "அவரு ஒண்ணு சொல்வார். ரோடு நல்லா இருக்குன்னு சொல்றவன் முன்னால போற வண்டியை ஓட்டட்டும். நீங்க ரோடு நல்லா இருக்குன்னு சொல்றீங்க. அப்ப நீங்களும் உங்க வீட்டு ஆளுங்களும் உங்க ஷேர்ல ஒண்ணைக்கூட ரெண்டு வருஷத்துக்கு விக்க மாட்டோம்னு இங்க சொல்லணும், நடவடிக்கைக் குறிப்புல எழுதணும். அதுவரைக்கும் இந்தக் காபி இங்கதான் இருக்கும். இத்தனை ஓட்டும் என் பையில இருக்கும்."

முஹன்னத் பே பக்கத்தில் இருந்த வக்கீல் அவர் காதில் ஏதோ ஊதினார். கடைசி வரிசையில் நிஸார் கைகளை முழங்காலுக்கு நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அபூ ஹாஸிம் தம்முடைய வெறுங்கையைப் பார்த்தார். பணியாளைச் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எனக்கு ஒண்ணு ஊத்து."

"ஹஜ்ஜி, நீங்க குலுக்கிட்டீங்களே."

"குலுக்கினவன் மறுபடி கேக்கக் கூடாதுன்னு எந்தக் கிதாபுல எழுதியிருக்கு? ஊத்துடா!"

வாங்கி, மற்றவர்களுடைய கோப்பைகளோடு கீழே வைத்தார். அவர் ஓட்டு போனது போனதுதான். கோப்பை வைக்கக் கூடாது என்று யாரும் அவரிடம் வாக்கு வாங்கவில்லை.

முஹன்னத் பே வக்கீலைக் கையால் விலக்கினார். மேடையிலிருந்து இறங்கி வரிசையின் முன்னால் வந்து நின்றார். கிட்டத்தில் பார்த்தால் அவருக்கும் தூக்கம் போதாத கண்தான்.

"என் தகப்பன் இருந்திருந்தா நீங்க கீழே வைக்கிற வரைக்கும் விட்டிருக்க மாட்டார்" என்றார். "குடிங்க. கேட்டது கொடுத்தாச்சு." திரும்பி எழுதுகிறவரிடம், "எழுதிக்கோப்பா, பெரியவர் சொன்னபடியே" என்றார்.

அந்த ஆள் எழுதி முடித்துப் படித்துக் காட்டும் வரை அபூ இலியாஸ் நின்றுகொண்டே இருந்தார். பிறகுதான் குனிந்தார். காபி ஆறிப்போயிருந்தது. எல்லாரும் குடித்தார்கள். கைகள் உயர்ந்தன.

மறுநாள் காலை கிந்தீல் எண் சிவப்பாகத்தான் இருந்தது. சந்தைக்குக் காபி மரியாதை தெரியாது. "உங்க லாரி பின்பக்கமா உருளுதே" என்று அபூ இலியாஸ் குத்தினார். ஆனால் ஒருவரும் விற்கவில்லை. இந்தச் சேர்க்கை நல்லதா கெட்டதா என்று அந்தக் கூடத்தில் யாருக்கும் தெரியாது. அபூ ஹாஸிமுக்கு அது கெட்டதுதான் என்று இன்னும் பாதிச் சந்தேகம். ஒன்று மட்டும் நிச்சயம்: ஸர்வாவில் தொலைபேசி எடுக்கிற அந்தப் பெண் வேலையில் இருக்கிறாளாம், நிஸார் சொல்லி அனுப்பியிருந்தான்.

வீட்டில் அவர் யாரும் கேட்காமலே லுப்னாவிடம் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னார். பணியாளின் சட்டையைப் பிடித்த இடம் வந்தபோது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் முடியவில்லை.

"குலுக்கிட்டு மறுபடியும் கேட்டீங்களா! யாபா!"

"சிரி, சிரி." சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அன்னிக்கு நான் செஞ்சது தப்பு."

அவள் தட்டில் மக்லூபாச் சோற்றை வைத்து, கத்தரிக்காய்த் துண்டு எல்லாவற்றையும் அவர் பக்கம் தள்ளினாள்.

வெள்ளிக்கிழமை மேல் வீட்டுக்காரர் முறுக்கிய மீசையோடு வந்தார். லுப்னா காபி கொண்டுவந்து ஊற்றிவிட்டு உள்ளே போனாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஹஜ்ஜி, ஒரு சின்ன வேண்டுகோள்..."

"நிறுத்து" என்றார் அபூ ஹாஸிம். "முதல்ல விஷயத்தைச் சொல்லு. முழுசாச் சொல்லு. அப்புறம் இந்த வீட்டுல ரெண்டு பேர் இருக்கோம், ரெண்டு பேரும் யோசிப்போம்."

மேல் வீட்டுக்காரர் விழித்தார். "இல்ல, மொட்டை மாடியில உங்க தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல என் தொட்டியை வச்சுக்கலாமான்னு..."

அபூ ஹாஸிம் சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"லுப்னா, என்ன சொல்றே?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. அவள் அவசரப்படவில்லை. கீழே காபியில் ஆவி பறந்துகொண்டிருந்தது.